எந்த ஷ்யூ?

பெங் யாலான் காலையிலிருந்து அந்தப் பக்கத்தைப் பதினேழு தடவை திறந்துவிட்டாள். திறக்கத் திறக்க மாறும் என்று யாரும் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் கை சும்மா இருந்தால்தானே. வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு கட்டம். அதில் ஓர் இணையப் பெயரைத் தட்டினால் அது யாருடையது, எப்போது பதிந்தது, எப்போது காலாவதி என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடும்.

வைத்தது. பெயர், காகாஹுவா. நிலை, நீக்கத்துக்குக் காத்திருக்கிறது. மீட்கக் கடைசி நேரம், இன்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. உரிமையாளர், ஆங்கில எழுத்தில் எச்.எஸ்.யூ., அதன் பின்னால் சி.எச். என்று இரண்டு முதலெழுத்துகள். கீழே தாய்ச்சுங் நகரத்து வீட்டு போன் எண் ஒன்று. பதினொரு வருஷத்துக்கு முந்தைய பதிவு. அப்போதெல்லாம் ஆங்கிலத்தில்தான் நிரப்பச் சொல்வார்கள்.

காகா என்றதும் காக்கையை நினைத்துக்கொள்ள வேண்டாம். தாய்வானில் கதவு இறுகினாலும் காகா, சைக்கிள் சங்கிலி மாட்டிக்கொண்டாலும் காகா. காகாஹுவா என்றால் சிக்கிச் சிக்கி வருகிற பேச்சு. அது திக்குவாயர்களின் மன்றம். அங்கே யாரும் எழுதுவதில்லை, பேசிப் பதிவு செய்து போடுவார்கள். ஒரே ஒரு விதி உண்டு: சிக்கிய இடத்தை வெட்டக் கூடாது. யாலான் முதன்முதலில் போட்ட பதிவில் தன் பெயரைச் சொல்ல மட்டும் நாலு நிமிஷம் பிடித்தது. நாலு நிமிஷமும் அப்படியே அங்கே இருக்கிறது.

ஐந்து மணி தாண்டினால் அந்தப் பெயர் சந்தைக்கு வந்துவிடும். வந்த விநாடியே பிடுங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், பெரும்பாலும் சூதாட்டக்காரர்கள். பேச்சுப் பதிவுகள் எல்லாம் யாலானிடம் பத்திரமாக இருந்தன, வேறு பெயரில் ஏற்றிவிடலாம்தான். ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு போக்கிடம் தெரியாது. கீலுங்கில் மீன் விற்கிற ஒரு பெண் வருஷத்துக்கு இரண்டே தடவை வந்து, ஒரு நிமிஷம் பேசிவிட்டுப் போவாள். அவளுடைய நிஜப் பெயர்கூட யாலானுக்குத் தெரியாது. அடுத்த தடவை அவள் வரும்போது அங்கே சீட்டுக்கட்டு ஆடிக்கொண்டிருந்தால் அவளை எங்கே போய்த் தேடுவது? இதை நினைத்தபோதெல்லாம் யாலான் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள்.

பெயர் பதிகிற நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது. உரிமையாளரே ஐந்து மணிக்குள் போனில் உறுதி சொன்னால் மீட்டுத் தருவார்களாம், வேறு எவருடனும் பேச இயலாதாம். பக்கத்தில் ஒரு கரடிப் பொம்மை தலை குனிந்து வணக்கம் சொன்னது. அந்தக் கரடியைக் கழுத்தைத் திருகிப் போட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

ஷ்யூ, சி.எச். யார் என்று யோசிக்க யாலானுக்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படவில்லை. ஷ்யூ ஜென்ஹாங். தாய்வானில் ஜென் என்பதை ஆங்கிலத்தில் சி-யில்தான் தொடங்குவார்கள். எல்லோருக்கும் ஆ-ஹாங். மன்றத்தை அவளோடு சேர்ந்து தொடங்கியவன். பெயர் பதிகிற வேலையை அவன்தான் ஏற்றுக்கொண்டான். ஆறு வருஷத்துக்கு முன் 'தொண்ணூறு நாளில் சரளமான பேச்சு' என்று போர்டு மாட்டிப் பயிற்சி வகுப்பு தொடங்கினான். விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, 'நானும் ஒரு காலத்தில் திக்கியவன்' என்று சிரித்தான். அந்த 'ஒரு காலத்தில்' யாலானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திக்குகிற அத்தனை பேரையும் வியாதிக்காரர்கள் ஆக்கிவிட்டானே என்று மன்றத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவன் போய்விட்டான். அவள் அவன் எண்ணைத் தடுத்துவைத்தாள். அதோடு சரி.

இப்போது சாகடிக்கிறான் பாவி, என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டிருக்கலாம். மன்றத்துக்காரர்களின் போன் குழுவில், அந்த வெள்ளைப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு, அடியில் சீன எழுத்தில் அவன் முழுப்பெயரை எழுதினாள். 'பெயர் இவனிடம் இருக்கிறது. வேண்டுமென்றே சாகவிடுகிறான்.'

வாயால் பேச முடியாதவர்களுக்கு விரல் நீளம். அரைமணியில் குழு கொதித்தது. தைதுங்கில் டாக்சி ஓட்டுகிற லாய் என்பவர், ஆ-ஹாங்கின் வகுப்பு விளம்பரத்துக்குக் கீழே போய் 'துரோகி' என்று எழுதிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார். அவர் பின்னால் நாற்பது பேர் போனார்கள்.

யாலான் அந்தப் பக்கத்திலிருந்த எண்ணை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். அவள் வேலை பார்ப்பது சைக்கிள் பாகங்கள் செய்கிற கம்பெனியின் வரைபட அறையில். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை, அதற்காகவே தேடிப் பிடித்த வேலை. போன் என்றால் அவளுக்கு நாற்பத்து நாலு வயதிலும் உள்ளங்கை நனையும்.

எதிர்முனையில் எடுத்தது ஒரு பெண் குரல்.

"ஹலோ? யாரு?"

யாலானின் வாய் திறந்தது, காற்று வரவில்லை. 'ப' உதட்டில் ஒட்டிக்கொண்டது.

"ஹலோ! யாருன்னு கேக்கறேன்ல?"

"ப... ப..."

"ஓ, நீங்களா. இன்னிக்கு யாரு, போலீஸா பேங்க்கா? வேற வேலையே இல்லையாடா உங்களுக்கு? வெச்சிடு, இல்லன்னா மோசடிப் புகார் நம்பருக்கு, ஒன்-சிக்ஸ்-ஃபைவுக்குச் சொல்லிடுவேன்."

வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மோசடிக்காரர்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிடுகிற ஊரில், எடுத்ததும் மூச்சு மட்டும் கேட்டால் யார்தான் காத்திருப்பார்கள்? யாலான் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை முழுசாக மூன்று விநாடிகூடக் கிடைக்கவில்லை. அவன் பெண்டாட்டியாக இருக்கும், சொல்லிவைத்திருப்பான், என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மணி ஒன்றே முக்கால். அரைநாள் விடுப்பு என்று எழுதி மேலதிகாரி மேஜையில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

ஆ-ஹாங்கின் வகுப்பு ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மூன்றாம் மாடியில். போகிற வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒவ்வொன்றிலும் தொண்ணூறு, எண்பத்தொன்பது என்று எண்கள் இறங்க, யாலான் ஹெல்மெட்டுக்குள் அவனிடம் சொல்ல வேண்டியதைத் திக்காமல் சொல்லிப் பார்த்தாள். தனியாக இருந்தால் யாருக்கும் திக்குவதில்லை.

கதவைத் தள்ளியபோது இடைவேளை. பதினாலு பேர் காகிதக் கோப்பைகளில் டீ வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்பது பேர் எழுதியதைத்தான் படிக்கிறார்கள் என்பது ஆ-ஹாங்கின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. முடி நரைத்திருந்தது, வெள்ளைக் கோட்டு இருந்தது.

"வாங்க யாலான் அக்கா," என்றான். இருவருக்கும் ஒரே வயதுதான். கோபம் வந்தால்தான் அக்கா போடுவான். "நேர்லயே வந்துட்டீங்களா? எழுதினது பத்தலையா?"

"பே-பே-பேரை விடு," என்றாள் யாலான். "எங்களுக்குக் கு-குடு. அஞ்சு மணிக்குள்ள."

"எந்தப் பேரை?"

"நடிக்காத."

போனை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஆ-ஹாங் பதிவைப் படித்தான். கீழே அந்த எண்ணைப் பார்த்தான். பிறகு குழுவில் அவள் எழுதியிருந்ததைப் படித்தான். இரண்டையும் மறுபடி மேலும் கீழும் பார்த்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத மாதிரி ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது.

"இதுல இருக்கற ஷ்யூ எந்த ஷ்யூ?"

"நீதான்."

"எந்த ஷ்யூன்னு கேக்கறேன். இங்க எச்.எஸ்.யூ.ன்னுதானே போட்டிருக்கு. எழுத்தை யாரு போட்டது? கம்ப்யூட்டர் போட்டுச்சா, நீ போட்டியா?"

யாலான் போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

அந்த ஊரில் ஷ்யூ என்று இரண்டு குடும்பப் பெயர்கள். எழுத்து வேறு, குரலின் ஏற்ற இறக்கம் வேறு. ஆங்கிலத்தில் எழுதினால் மட்டும் இரண்டும் ஒன்று. அதனால் யாராவது ஷ்யூ என்றால் அடுத்த மூச்சிலேயே 'எந்த ஷ்யூ' என்று கேட்பார்கள். 'சொல்' என்ற எழுத்தையும் 'நண்பகல்' என்ற எழுத்தையும் ஒட்டி எழுதுவது ஒன்று, அவர்கள் சொல்-நண்பகல் ஷ்யூ. இடப் பக்கம் இரண்டு ஆள் நிற்பது போல எழுதுவது மற்றொன்று, அவர்கள் இரட்டையாள் ஷ்யூ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். யாலானுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும். கண்ணால் பார்த்தாள், கையால் எழுதினாள், மனசுக்குள் ஏற்கெனவே ஒரு ஷ்யூவின் மேல் கோபம் தயாராக இருந்தது.

"நான் சொ-சொல்-நண்பகல்," என்றான் ஆ-ஹாங். ஓர் இடத்தில் லேசாகத் தட்டி, வகுப்பில் கற்றுத்தருகிற மாதிரி மூச்சை நீட்டிச் சமாளித்தான். "இது இரட்டையாள். லாவ் ஷ்யூ. பெரியவர்னு லாவ் போட்டுக் கூப்பிடுவோம், முழுப்பேர் ஷ்யூ சிங்ஹுவான். என் பழைய ஆபீஸ்ல பக்கத்து சீட்டு. எனக்கு அப்ப இதெல்லாம் பதியத் தெரியாது, அவர்கிட்ட கேட்டேன். அவரே தன் பேர்ல போட்டு, வருஷா வருஷம் அவரே புதுப்பிச்சுக்கிட்டு இருந்தாரு. நம்ம மன்றத்துல அவர் ஒரு தடவைகூடப் பேசினதில்ல. அவருக்குத் திக்காது. கேக்கறது மட்டும் கேப்பாராம்."

"ஏ-ஏன் சொல்லல நீ?"

"யார்கிட்ட சொல்றது? நீதான் என் நம்பரையே மூடிட்டியே."

யாலான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை நிமிரவில்லை. தப்புச் செய்துவிட்டோம் என்பது மட்டுமல்ல, இவ்வளவு சந்தோஷமாகச் செய்திருக்கிறோமே என்பதுதான் அவளைக் குத்தியது. மணி இரண்டே முக்கால்.

"அந்த நம்பர்ல ஒரு பொண்ணு எடுக்குது," என்றாள் கடைசியில். "மோ-மோசடின்னு வெச்சிடுது."

"மருமகளா இருக்கும். அவருக்கு ரிட்டயர் ஆயிடுச்சே. ஆபீஸ் மெயிலோட போயிருக்கும் எல்லா நோட்டீசும்."

"நீ பேசு. நீதான் சரளமாப் பேசுவியே."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை அவள். ஆனால் ஆ-ஹாங்குக்கு அது வேறு எங்கேயோ போய்ப் பட்டது. திரும்பி வகுப்பைப் பார்த்தான். பதினாலு பேரும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று யாலானுக்கு அப்போது புரிந்தது. வரவேற்பு மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், வகுப்புக்கு வருகிற எல்லாப் போனையும் அவள்தான் எடுக்கிறாள். மேடையில் மனப்பாடம் செய்ததைச் சொல்ல ஆ-ஹாங்கால் முடியும். முகம் தெரியாத ஒருவர் திடீரென்று கேட்கும் கேள்விக்கு முடியாது. ஆறு வருஷமாக அவன் யாருக்கும் போன் செய்ததே இல்லை.

"உள் அறைக்குப் போயிடலாம்," என்றாள் மெதுவாக.

"உள்ள சிக்னல் கிடைக்காது," என்றான் ஆ-ஹாங். ஒரு விநாடி நின்றான். "வேண்டாம், இங்கயே."

எண்ணைத் தட்டினான். ஒலி அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"ஹலோ, யாரு?"

"ஷ்... ஷ்யூ சார் இருக்காரா?"

"யார் பேசறது?"

"நானும் ஷ்-ஷ்யூதான்."

"எந்த ஷ்யூ?"

ஆ-ஹாங் வாயைத் திறந்தான். 'சொல்' என்ற சொல்லிலேயே சிக்கினான். தாடை முன்னால் வந்தது, கண் மூடிக்கொண்டது, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. மூச்சை நீட்டிப் பார்த்தான், விரலால் தொடையில் தாளம் தட்டிப் பார்த்தான். வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. டீக் கோப்பையோடு இருந்த ஒரு நடுவயதுக்காரர் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஓஹோ. காலைல வந்த அதே கூட்டம்தானே?" என்றது மருமகளின் குரல்.

"வெ-வெ-வெக்காதீங்க!" என்று கத்தினான் ஆ-ஹாங். "நான் தி-தி-திக்குவாயன். மோசடி இல்ல. நான் தி-திக்குவேன். எனக்கு நே-நேரம் குடுங்க."

எதிர்முனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அது குறைந்தது.

"சரி, சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண், வேறு குரலில்.

யாலான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது விநாடிக்கு மேல் ஆயிற்று. ஆ-ஹாங் வேறு வார்த்தைக்குத் தாவவில்லை, சுற்றிக்கொண்டும் வரவில்லை. அந்த ஒரு சொல்லின் முன்னாலேயே நின்று, அது வரும்வரை நின்று, முழுசாகச் சொன்னான். அதன் பிறகு நண்பகல் எளிதாக வந்தது.

மாமனார் மியாவ்லி பக்கம் ஸ்ட்ராபெர்ரித் தோட்டம் போட்டிருக்கிறார், போனைக் குடிசையில் வைத்துவிட்டுத்தான் வயலில் இறங்குவார், என்று மருமகள் எண் கொடுத்தாள். ஆறு தடவை அடித்து, மூன்றே முக்காலுக்கு லாவ் ஷ்யூ எடுத்தார். குரலே மூன்றாம் மாடியை நிறைத்தது.

"யாரு, ஆ-ஹாங்கா? டேய்! உயிரோடதான் இருக்கியா? என்னது, காலாவதியா? அட கடவுளே, அந்த மெயில் பெட்டி எப்பவோ செத்துப்போச்சேடா! இப்பவே பேசறேன். ஆனா ஒண்ணு, எனக்கு வயசாச்சு, நாளைக்கு நான் போயிட்டா மறுபடியும் இதே கதைதான். பேரை மாத்திக்கோங்க. யார் பேர்ல மாத்தணும்?"

ஆ-ஹாங் யாலானைப் பார்த்தான். யாலான் ஆ-ஹாங்கைக் கை காட்டினாள்.

"என் பேர்லயா?" என்றான் அவன், போனைப் பொத்திக்கொண்டு. "ஊரே திட்டி முடிச்சாச்சு, இப்ப உண்மையாக்கப் போறியா?"

"ஆ-ஆமா," என்றாள் யாலான். "நீ இல்லாம எப்படி?" போனைப் பொத்தியிருந்த அவன் கையை அவளே விலக்கினாள்.

அவன் அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பிவிட்டு வகுப்புக்குத் திரும்பினான். திரும்பிப் பார்த்தபோது ஒன்பது பேர்தான் இருந்தார்கள். ஐந்து கோப்பைகளில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்த நடுவயதுக்காரரும் போய்விட்டிருந்தார். ஆ-ஹாங் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இருந்தவர்களுக்குப் பாடத்தைத் தொடர்ந்தான். யாலான் வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள்.

நாலு மணி நாற்பத்தேழுக்குப் பெயர் பதிகிற நிறுவனத்திலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். மன்றத்தின் தொடர்பாளர் என்று அவள் எண்ணைத்தான் லாவ் ஷ்யூ கொடுத்திருந்தார்.

"பழைய உரிமையாளர் உறுதி சொல்லிட்டாருங்க மேடம். புது உரிமையாளர் பேரை நீங்க வாயால ஒரு தடவை சொல்லணும், ரெக்கார்டுக்கு."

"ஷ்யூ ஜென்ஹாங்."

"எந்த ஷ்யூ மேடம்?"

யாலான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அதே சொல்தான் சிக்கியது. வேறு விதமாகச் சொல்லித் தப்பிக்க நூறு வழி உண்டு, நாற்பது வருஷமாக அவள் பழகியதெல்லாம் அந்த வழிகள்தான். அவை ஒன்றிலும் அவள் போகவில்லை. அந்தப் பையன் இரண்டு தடவை "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றான். "இ-இருக்கேன்," என்றாள் இரண்டு தடவையும். நாலு ஐம்பத்தொன்றுக்கு முழுசாகச் சொல்லி முடித்தாள்.

ஐந்து அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது காகாஹுவா திறந்தது. யாலான் குழுவுக்குப் போய் எழுதினாள்: 'தப்பு என்னுடையது. அது இந்த ஷ்யூ இல்லை. நான்தான் எழுத்தை மாற்றிப் போட்டேன். அவன்தான் இப்போது காப்பாற்றிக் கொடுத்தான். எழுதியதையெல்லாம் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.' அதைப் படிக்க யாருக்குப் பொழுது? திறந்துவிட்டது, திறந்துவிட்டது என்று பொம்மைப் படங்களாக வந்து விழுந்தன. 'யாலான் அக்கா வாழ்க' என்றார்கள். அவள் எழுதியது பட்டாசு வெடிக்கிற கரடிகளுக்கு மேலே எங்கேயோ ஏறிப் போய்விட்டது.

பிறகு டாக்சிக்கார லாய் ஒரு படம் போட்டார். அந்த வெள்ளைப் பக்கத்தை அவரும் திறந்து பார்த்திருக்கிறார். நிலை, இயங்குகிறது. உரிமையாளர், எச்.எஸ்.யூ., சி.எச். காலையில் இருந்த பெயருக்கும் இப்போது இருக்கிற பெயருக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட வித்தியாசமில்லை. அடியில் லாய் எழுதியிருந்தார்: 'பாத்தீங்களா? காலைல அக்கா சொன்னது சரிதான். அவன் பேர்லதான் இருந்திருக்கு. பயந்துபோய்த் திறந்து விட்டுட்டான்.'

அதற்கு எழுபது பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

எழுதி இனிப் பயனில்லை என்று யாலானுக்குத் தெரிந்தது. அவளே காலையில் எழுத்தை நம்பித்தான் இவ்வளவும் செய்தாள். கதவுக்கு உள்ளே ஆ-ஹாங்கின் குரல் கேட்டது. ஒன்பது பேருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான், நடுநடுவே சிக்கியது, அவன் மூடி மறைக்கவில்லை. அவள் மன்றத்தைத் திறந்து, பதிவு செய்கிற பொத்தானை அழுத்தினாள்.

"நான் ப... ப..."

ஒரு நிமிஷம் ஓடியது. வெட்டாமல் விட்டாள்.